சேற்றை நடுவில் வைத்த இளைஞர்: '10% விதி' லிண்ட்மனின் 26 ஆண்டு வாழ்க்கை

பள்ளியில் உயிரியல் படித்தவர்களுக்கு அந்தப் பிரமிடு படம் கட்டாயம் ஞாபகம் இருக்கும். அடியில் புல், அதற்கு மேல் வெட்டுக்கிளி, அதற்கு மேல் தவளை, உச்சியில் பாம்போ கழுகோ. ஒவ்வொரு படி ஏறும்போதும் பத்தில் ஒரு பங்கு ஆற்றல்தான் மேலே போகும், மீதி வீணாகிவிடும் என்று மனப்பாடம் செய்திருப்போம். பரீட்சையில் நிச்சயம் வரும் கேள்வி அது. பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் ஒரு பெயரும் இருக்கும்: லிண்ட்மன், 1942.

அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் யார் என்று யாரும் கேட்டதில்லை, யாரும் சொன்னதும் இல்லை. அவர் தாடி வைத்த பேராசிரியர் இல்லைங்க. அமெரிக்காவில் ஒரு சிறிய ஏரியின் சேற்றில் ஐந்து வருடம் அளைந்த இளைஞர். அந்தப் புகழ்பெற்ற கட்டுரை அச்சில் வந்தபோது அவர் உயிரோடு இல்லை. இறக்கும்போது வயது 26. இன்னும் சில வாரங்களில் 27 முடிந்திருக்கும்.

இன்னொரு விஷயமும் உண்டு. அந்தக் கட்டுரையில் இருந்த முக்கியமான படம் நம்ம பாடப்புத்தகத்தில் இருக்கும் பிரமிடு இல்லை. அது ஒரு சுழற்சிப் படம். அதன் நடுவில் அவர் வைத்தது மீனையோ பாசியையோ அல்ல, சேற்றை. ஆறுகளிலும் ஏரிகளிலும் கார்பன் எப்படிச் சுற்றி வருகிறது என்று இன்று விஞ்ஞானிகள் மண்டையைப் போட்டு உடைத்துக்கொள்ளும் கேள்விக்கு அந்தச் சேறுதான் வாசல். அவர் கதையைப் பார்த்தால் அந்தக் கேள்வியும் புரிந்துவிடும்.

யார் இந்த லிண்ட்மன்?

ரேமண்ட் லிண்ட்மன் 1915 ஜூலை 24 அன்று அமெரிக்காவின் மின்னசோட்டா மாகாணத்தில் உள்ள ரெட்வுட் ஃபால்ஸ் என்ற ஊரில் பிறந்தார். வளர்ந்தது விவசாயப் பகுதியில். மிசௌரி மாகாணத்தில் பார்க் கல்லூரி என்ற சிறிய கல்லூரியில் படித்து 1936இல் பட்டம் வாங்கினார். பிறகு சொந்த மாகாணத்துக்கே திரும்பி, மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆய்வுப் படிப்பில் சேர்ந்தார்.

அங்கே அவருக்கு இரண்டு விதமான கல்வி கிடைத்தது. வழிகாட்டி சாமுவேல் எடி நீர்வாழ் விலங்குகளின் ஆள். எதைப் பிடித்தாலும் பெயர் சொல்லி, எண்ணி, குறித்து வைக்க வேண்டும் என்ற பள்ளி. இன்னொரு ஆசிரியர் வில்லியம் கூப்பர் தாவரவியலாளர். ஒரு நிலத்தில் ஒருவகைச் செடி போய் இன்னொரு வகை வருவது, குளம் தூர்ந்து காடாவது என்று நீண்ட கால மாற்றங்களைப் பார்க்கப் பழக்கியவர். எண்ணிக்கை ஒருபக்கம், காலம் ஒருபக்கம். இரண்டையும் இணைக்க லிண்ட்மனுக்கு ஓர் இடம் தேவைப்பட்டது.

ஏரி என்று சொல்லவே கூச்சமாக இருக்கும் ஏரி

அவர் தேர்ந்தெடுத்த இடத்தின் பெயர் சீடர் பாக் ஏரி. மினியாபோலிஸ் நகரத்திலிருந்து சுமார் 50 கிலோமீட்டர் வடக்கே இருக்கிறது. பெயர்தான் ஏரி. ஆழம் பெரும்பாலும் ஒரு மீட்டர். ஒரு பெரியவர் இறங்கி நின்றால் தண்ணீர் இடுப்பளவுதான் இருக்கும். ஆனால் இறங்கி நிற்க முடியாது. அடியில் தரை என்று ஒன்று இல்லை, கூழ் மாதிரியான சேறுதான். சுற்றிலும் சதுப்பு, மிதக்கும் செடிப் படுகை, அதற்குப் பின்னால் ஊசியிலை மரங்கள்.

ஏரிகளுக்கும் வயசாகும். பனியாறுகள் விலகிய காலத்தில் பிறந்த ஏரிகள், ஆயிரக்கணக்கான ஆண்டுகள் இலையும் பாசியும் மண்ணும் விழுந்து விழுந்து மெல்லத் தூர்ந்து, கடைசியில் சதுப்பாகி, பிறகு காடாகும். சீடர் பாக் ஏரி அந்தப் பயணத்தின் கடைசிக் கட்டத்தில் இருந்த கிழ ஏரி. பெரிய ஏரிகளை ஆராய்ந்துகொண்டிருந்தவர்கள் இதைத் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

லிண்ட்மனுக்கு இதுதான் வசதி. சின்ன ஏரி என்பதால் எல்லாவற்றையும் ஒரே ஆள் பார்க்க முடியும். நிஜமாகவே எல்லாவற்றையும் பார்த்தார். தண்ணீரில் மிதக்கும் நுண்பாசி, அதைத் தின்னும் மிதவை உயிரிகள், கரையோரச் செடிகள், சேற்றில் வாழும் கொசு போன்ற பூச்சிகளின் புழுக்கள், அவற்றைத் தின்னும் வேட்டைப் பூச்சிகள். அதோடு நிறுத்தவில்லை. சேற்றை ஆழமாகக் குடைந்து எடுத்து, அதில் படிந்திருந்த மகரந்தத் துகள்களைப் பார்த்து ஏரியின் பழைய வரலாற்றையும் எழுதினார். கோடையிலும் போனார், ஏரி பனிக்கட்டியால் மூடிய குளிர்காலத்திலும் போனார்.

இதெல்லாம் தனி ஆளாகச் செய்த வேலை இல்லை. அவருடைய மனைவி எலியனார் களத்திலும் ஆய்வகத்திலும் கூடவே இருந்து உழைத்தார். பிரமிடு படத்துக்குப் பக்கத்தில் இந்தப் பெயர் வருவதில்லை.

குளிர்காலப் பயணங்கள் ஒரு முக்கியமான விஷயத்தைக் காட்டின. மேலே பனி மூடிவிட்டால் காற்று உள்ளே போகாது, வெளிச்சமும் குறையும். ஆனால் அடியில் சேறு சும்மா இருக்காது. அதில் மட்கிக்கொண்டிருக்கும் பொருள் தண்ணீரில் இருக்கும் ஆக்சிஜனைத் தின்றுகொண்டே இருக்கும். சில வாரங்களில் ஏரி மூச்சுத் திணறிவிடும். இந்த நிலையை ஆய்வகத்தில் செயற்கையாக உண்டாக்கி, எந்தெந்தப் புழுக்கள் ஆக்சிஜன் இல்லாமல் தாக்குப்பிடிக்கின்றன என்றும் சோதித்துப் பார்த்தார். ஏரியின் தலையெழுத்தை அதன் 'குப்பை' தீர்மானிக்கிறது என்பது அவருக்குக் கண்கூடாகத் தெரிந்தது.

தண்ணீர் ஏன் டீ கலரில் இருக்கு?

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று, விஷயத்தின் அடிப்படையைப் பார்த்துவிடலாம்.

சதுப்புப் பகுதி ஏரிகளின் தண்ணீர் பெரும்பாலும் பால் இல்லாத டீ மாதிரி பழுப்பாக இருக்கும். அழுக்கு என்று நினைப்போம். வடிகட்டிப் பாருங்கள், நிறம் போகாது. காரணம் அது மிதக்கும் தூசி இல்லை, கரைந்த பொருள். டீத்தூளை வெந்நீரில் போட்டால் என்ன நடக்கிறதோ அதேதான் இங்கும் நடக்கிறது. காட்டில் விழுந்த இலை, மட்டை, வேர் எல்லாம் மழையில் ஊறி, அவற்றின் சாறு இறங்கி ஓடையிலும் ஏரியிலும் கலக்கிறது.

இந்தச் சாற்றில் இருக்கும் கார்பனைத்தான் கரைந்த கரிமக் கார்பன் என்கிறார்கள். எது கரைந்தது, எது கரையாதது என்பதற்கு ஒரு நடைமுறைக் கணக்கு வைத்திருக்கிறார்கள். ஒரு மில்லிமீட்டரை இரண்டாயிரம் பங்கு போட்டால் வரும் அளவுக்குச் சின்ன ஓட்டைகள் உள்ள வடிதாளில் தண்ணீரை ஊற்றுவார்கள். தாளைத் தாண்டி வருவது 'கரைந்தது'. மேலே தங்குவது 'துகள்'. அவ்வளவுதான்.

இது இரண்டு வழிகளில் வருகிறது. ஒன்று, கரையிலிருந்து வரும் இலைச் சாறும் மண் சாறும். இன்னொன்று, ஏரிக்குள்ளேயே பாசி கசியவிடுவதும், செத்த உயிர்கள் கரைவதும். போகும் வழிகள் நான்கு. பாக்டீரியா அதைத் தின்று கார்பன் டை ஆக்சைடாக வெளியே விடும். வெயில் பட்டும் அது உடையும். ஒரு பகுதி திரிந்து துகளாகி அடியில் படியும். மிச்சம் ஆற்றோடு கடலுக்குப் போகும். இந்த வரவும் செலவும்தான் கரைந்த கரிமக் கார்பனின் சுழற்சி.

பெரும்பாலான ஏரிகளில் இந்தக் கரைந்த கார்பன், தண்ணீரில் மிதக்கும் உயிர்கள் எல்லாவற்றின் கார்பனையும் கூட்டினாலும் அதைவிடப் பல மடங்கு அதிகம். நம் கண்ணுக்குத் தெரியும் மீனும் பாசியும் சில்லறைக் காசு. பெரிய பணம் கண்ணுக்குத் தெரியாமல் கரைந்து கிடக்கிறது.

உயிருள்ளது எது, செத்தது எது?

லிண்ட்மன் காலத்துக்கு முன்பு சூழலியல் பார்த்த விதம் வேறு. உயிரினங்கள் ஒரு கூட்டம், அவை வாழும் இடம் இன்னொன்று என்று பிரித்துப் பார்த்தார்கள். தண்ணீர், மண், வெயில் எல்லாம் மேடை. உயிர்கள் நடிகர்கள். 1935இல் பிரிட்டிஷ் தாவரவியலாளர் ஆர்தர் டான்ஸ்லி இரண்டையும் சேர்த்து ஒரே அமைப்பாகப் பார்க்க வேண்டும் என்று சொல்லி, 'ஈகோசிஸ்டம்' என்ற சொல்லை அச்சில் கொண்டுவந்தார். சொல் வந்துவிட்டது. அதை வைத்து ஓர் இடத்தை முழுசாக அளந்து காட்ட ஆள் வேண்டும்.

சீடர் பாக் ஏரியின் சேறு லிண்ட்மனை அந்த இடத்துக்குத் தள்ளியது. கையில் எடுத்த ஒரு பிடிச் சேற்றில் எதை உயிர் என்று சொல்வது? அதில் உயிருள்ள பாக்டீரியா இருக்கிறது, செத்துக்கொண்டிருக்கும் பாசி இருக்கிறது, பாதி மட்கிய இலை இருக்கிறது, புழுவின் கழிவு இருக்கிறது, கரைந்த சத்து இருக்கிறது. இன்று காலை செத்த பாசி மாலைக்குள் கரைந்து, இன்னொரு உயிருக்குள் போய்விடும். உயிர் இங்கே முடிகிறது, சூழல் இங்கே தொடங்குகிறது என்று கோடு போட்டால், அந்தக் கோடு தண்ணீரில் போட்ட கோடுதான்.

அதனால் அவர் கோட்டை அழித்தார். ஏரியின் உணவுச் சுழற்சியைப் படமாக வரைந்தபோது, மேலே வெயில், பக்கங்களில் பாசியும் செடிகளும், அவற்றைத் தின்பவை, அவற்றையும் தின்பவை என்று வைத்துவிட்டு, நடுவில் சேற்றை வைத்தார். எல்லா உயிரிடமிருந்தும் அம்புக்குறி சேற்றுக்கு வந்தது. சேற்றிலிருந்து பாக்டீரியா, கரைந்த சத்துகள் வழியாக மறுபடி உயிர்களுக்குப் போனது. 'செத்தும் கொடுத்தான் சீதக்காதி' என்று நாம் சொல்வோமே, ஒரு ஏரியில் எல்லா உயிரும் சீதக்காதிதான்.

அடுத்து இன்னொரு துணிச்சலான காரியம் செய்தார். இத்தனை வகை உயிர்களை எப்படி ஒப்பிடுவது? ஆயிரம் பாசியும் ஒரு புழுவும் சமமா? எல்லாவற்றையும் கலோரிக்கு மாற்றினார். எத்தனை ரகம் என்பதை விட்டுவிட்டு, எவ்வளவு ஆற்றல் எங்கிருந்து எங்கே போகிறது என்று கேட்டார். வெவ்வேறு நாட்டுப் பணத்தை எல்லாம் ரூபாய்க்கு மாற்றிக் கணக்குப் பார்ப்பது மாதிரி.

யேலில் கிடைத்த ஆசான்

1941இல் முனைவர் பட்டம் முடிந்தது. ஆய்வேட்டின் கடைசி அத்தியாயத்தில் இந்தப் பெரிய யோசனையின் விதை இருந்தது. ஆய்வு உதவித்தொகையுடன் கணவனும் மனைவியும் கிழக்கே யேல் பல்கலைக்கழகத்துக்குப் போனார்கள். அங்கே இருந்தவர் ஈவ்லின் ஹட்சின்சன்.

ஹட்சின்சன் இங்கிலாந்துக்காரர். 1932இல் யேல் பல்கலைக்கழகத்தின் வட இந்தியப் பயணக் குழுவில் லடாக் வரைக்கும் வந்து, அந்த உயரமான மலை ஏரிகளை ஆராய்ந்தவர். உயிர், வேதியியல், மண் மூன்றையும் ஒரே கணக்கில் கொண்டுவர வேண்டும் என்று ஏற்கனவே யோசித்துக்கொண்டிருந்தார். லிண்ட்மன் கொண்டுவந்த அத்தியாயத்தைப் பார்த்ததும் இருவருக்கும் பொருந்திப்போனது. ஹட்சின்சனின் கணிதக் குறியீடுகளை எடுத்துக்கொண்டு, தன் ஏரியின் எண்களைப் போட்டு, லிண்ட்மன் கட்டுரையைத் திருப்பி எழுதினார். சூழலியலின் உணவு-ஆற்றல் பார்வை என்பது அதன் பொருள். 'எக்காலஜி' என்ற ஆய்விதழுக்கு அனுப்பினார்.

இதற்கிடையே உடல்நிலை மோசமாகிக்கொண்டே வந்தது. கல்லீரல் நோய். அமெரிக்கா போரில் இறங்கிய வருடம் வேறு. கட்டுரை வருமா, அதுவரை தான் இருப்போமா என்று இரண்டும் தெரியாத காலம்.

நிராகரித்தவர் யார் தெரியுமா?

ஆய்விதழ் ஆசிரியர் தாமஸ் பார்க் கட்டுரையை அந்தத் துறையின் இரண்டு பெரிய தலைகளுக்கு அனுப்பினார். ஒருவர் பால் வெல்ச். அன்றைய அமெரிக்க மாணவர்கள் ஏரியியல் படித்த பாடப்புத்தகத்தை எழுதியவர். இன்னொருவர் சான்சி ஜூடே. இருவருமே வேண்டாம் என்று எழுதிவிட்டார்கள்.

ஜூடே யார் என்று தெரிந்தால்தான் இந்தக் கதையின் கனம் புரியும். விஸ்கான்சின் மாகாணத்தில் எட்வர்ட் பர்ஜ் என்ற மூத்த விஞ்ஞானியோடு சேர்ந்து, 1900 முதல் வாழ்நாள் முழுக்க ஏரிகளை அளந்தவர். தண்ணீரை வேகமாகச் சுழலும் எந்திரத்தில் விட்டு, பாலிலிருந்து ஆடையைப் பிரிக்கிற மாதிரி மிதவை உயிர்களைப் பிரிப்பார்கள். மிச்சத் தண்ணீரை ஆவியாக்கி, அதில் கரைந்திருந்த கரிமப் பொருள் எவ்வளவு என்று பார்ப்பார்கள். ஓர் ஏரி, இரண்டு ஏரி இல்லை. 500-க்கும் மேற்பட்ட ஏரிகள். ஏரித் தண்ணீரில் மிதக்கும் உயிரைவிடக் கரைந்த கரிமப் பொருள் பல மடங்கு அதிகம் என்று மேலே பார்த்தோமே, அதை இவ்வளவு பெரிய அளவில் அளந்து காட்டியவர்கள் இந்த இருவரும்தான்.

அதாவது லிண்ட்மன் படத்தின் நடுவில் எதை வைத்தாரோ, அதன் அளவை ஆயுள் முழுக்க எடுத்தவரே அந்தப் படத்தை ஏற்கவில்லை. வேடிக்கை இன்னும் இருக்கிறது. லிண்ட்மன் தன் சின்ன ஏரியை ஒப்பிட எடுத்துக்கொண்ட பெரிய ஏரி விஸ்கான்சினின் மெண்டோட்டா. அதன் எண்கள் ஜூடே 1940இல் வெளியிட்ட கணக்கு.

ஜூடேயின் தரப்பிலும் நியாயம் இருந்தது. 500 ஏரிகளைப் பார்த்தவருக்கு ஒரு விஷயம் தெரியும்: எந்த ஏரியும் இன்னொரு ஏரி மாதிரி இல்லை. ஒரே ஒரு சதுப்பு ஏரியில் சில வருட எண்களை வைத்துக்கொண்டு உலகத்து ஏரிகளுக்கெல்லாம் சூத்திரம் எழுதினால் எப்படி? முதலில் அளக்கட்டும், கோட்பாடு பிறகு வரட்டும் என்பது அவர் கட்சி. 'ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது' என்று நம்ம ஊர் பெரியவர்கள் சொல்வதன் அமெரிக்க வடிவம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பொறாமையில் செய்த காரியம் இல்லை அது. உழைப்பால் வந்த சந்தேகம்.

ஹட்சின்சன் விடவில்லை. எண்களைக் குவித்துக்கொண்டே போனால் மட்டும் போதாது, அவற்றைக் கோர்க்க ஒரு நூல் வேண்டும், அந்த நூல் தவறாக இருந்தாலும் பரவாயில்லை, சோதித்துப் பார்க்க ஏதாவது கிடைக்கும் என்ற வாதத்தோடு பார்க்குக்கு எழுதினார். லிண்ட்மன் நோயோடு நோயாகக் கட்டுரையைத் திருத்தி 1942 மார்ச்சில் மறுபடி அனுப்பினார். பார்க் யோசித்துப் பார்த்தார். இரண்டு மூத்தவர்களின் கருத்தை மீறி, வெளியிடுகிறேன் என்று முடிவெடுத்தார். சரியா தப்பா என்பதைக் காலம் சலித்துப் பார்த்துக்கொள்ளட்டும் என்பது அவர் நிலை.

ஜூன் 29

1942 ஜூன் 29 அன்று லிண்ட்மன் இறந்தார். கட்டுரை அக்டோபர் இதழில் வந்தது. கடைசியில் ஹட்சின்சன் எழுதிய சிறு குறிப்பு, எழுதியவர் இனி இல்லை என்பதை வாசகர்களுக்குச் சொன்னது. முழுக் கட்டுரையும் 20 பக்கம்கூட இல்லை. இரண்டு வருடம் கழித்து, 1944இல் ஜூடேயும் காலமானார்.

அப்போ அந்த '10%' எங்கிருந்து வந்தது?

இதைத் தெரிந்துகொண்டால் பாடப்புத்தகத்தை வேறு கண்ணோடு பார்ப்பீர்கள். லிண்ட்மன் கணக்குப்படி சீடர் பாக் ஏரியின் ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பில் ஒரு வருடத்தில் விழும் சூரிய ஆற்றல் 1,18,872 கலோரி. அதில் பாசியும் செடிகளும் பிடித்துக்கொண்டது வெறும் 111 கலோரி. ஆயிரத்தில் ஒரு பங்கு. பாசியைத் தின்பவைக்குப் போய்ச் சேர்ந்தது சுமார் 15. அவற்றைத் தின்பவைக்குக் கிடைத்தது சுமார் 3.

சதவீதமாகப் பார்த்தால் முதல் படியில் சுமார் 13, அடுத்த படியில் 20-க்கு மேல். மெண்டோட்டா ஏரியிலோ 8.7, பிறகு 5.5, பிறகு 13. எங்கேயும் சரியாக 10 இல்லை. சுமார் ஐந்திலிருந்து இருபதுக்கு மேல் வரை எங்கெங்கோ இருந்த எண்களைப் பின்னால் வந்தவர்கள் உருட்டித் திரட்டி 10 ஆக்கிவிட்டார்கள். மனப்பாடத்துக்கு வசதி. ஆனால் லிண்ட்மன் சொன்னது விதி இல்லை, ஒரு கணக்குப் பார்க்கும் முறை.

அவருடைய முறையிலும் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. படத்தின் நடுவில் சேறும் பாக்டீரியாவும் இருந்தாலும், கணக்குப் பட்டியலில் பாக்டீரியாவுக்குத் தனி எண் இல்லை. அன்றைய கருவிகளை வைத்து அதை அளக்க வழியில்லை. படத்தில் நடுநாயகம், கணக்கில் காலி இடம். பாடப்புத்தகம் பட்டியலை மட்டும் எடுத்துப் பிரமிடாக்கியது. சேறு காணாமல் போனது.

காலம் சலித்துப் பார்த்தது

அந்தக் காலி இடத்தை நிரப்ப 30 வருடத்துக்கு மேல் ஆனது. 1974இல் அமெரிக்கக் கடல் விஞ்ஞானி லாரன்ஸ் பாமராய், கடலின் உணவு வலையில் நுண்ணுயிர்களின் பங்கை நாம் பெரிதும் குறைத்து மதிப்பிட்டிருக்கிறோம் என்று வாதிட்டார். 1983இல் ஃபரூக் ஆசமும் கூட்டாளிகளும் அதற்கு ஒரு வடிவம் கொடுத்தார்கள். பாசி கசியவிடும் கரைந்த கார்பனைப் பாக்டீரியா தின்கிறது, அந்தப் பாக்டீரியாவை ஒருசெல் உயிரிகள் தின்கின்றன, அவற்றை மிதவை விலங்குகள் தின்கின்றன. கரைந்து 'போன' கார்பன் மறுபடி உணவுச் சங்கிலிக்குள் வருகிறது. அவர்கள் பேசியது கடலைப் பற்றி. ஏரிகளிலும் அதே சுற்று ஓடுகிறது என்பது விரைவிலேயே தெரிந்தது. லிண்ட்மன் சேற்றிலிருந்து வெளியே போட்ட அம்புக்குறிக்கு இப்போது பெயரும் எண்ணும் கிடைத்துவிட்டன.

ஏரிகள் பக்கம் இன்னொரு அதிர்ச்சி. 1994இல் ஜொனாதன் கோலும் உடன் ஆய்வாளர்களும் உலகின் பல பகுதிகளைச் சேர்ந்த ஏரிகளின் அளவுகளைப் பார்த்தபோது, பெரும்பாலானவை காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடை வாங்கவில்லை, காற்றுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தன. ஒரு ஏரி தான் விளைவிப்பதைவிட அதிகமாக எப்படி மூச்சுவிட முடியும்? வரவைவிடச் செலவு அதிகம் என்றால் வெளியிலிருந்து பணம் வருகிறது என்று அர்த்தம். அந்தப் பணத்தில் பெரும்பங்கு காட்டிலிருந்தும் மண்ணிலிருந்தும் ஓடிவரும் கார்பன்தான்.

2007இல் கோல் குழு உலகக் கணக்குப் போட்டது. நிலத்திலிருந்து ஆறு, ஏரிகளுக்கு ஆண்டுதோறும் வரும் கார்பன் சுமார் 190 கோடி டன். இதில் கரைந்தது, துகள் எல்லாம் சேர்த்தி. அதில் கடலுக்குப் போய்ச் சேர்வது 90 கோடி டன். 20 கோடி டன் அடியில் புதைகிறது. குறைந்தது 80 கோடி டன் வழியிலேயே வாயுவாகக் காற்றில் கலந்துவிடுகிறது. பிறகு வந்த கணக்கீடுகள் இந்த வாயு இன்னும் அதிகம் என்றே சொல்கின்றன. அதுவரை ஆற்றை, நிலத்துக் கார்பனைக் கடலில் கொண்டுபோய் ஊற்றும் வெறும் குழாய் என்று நினைத்திருந்தார்கள். அது குழாய் இல்லை, வழி நெடுக அடுப்பு எரியும் சமையல்கட்டு. பூமி சூடாவதைக் கணக்கிடும் எவரும் இதை விட்டுவிட்டுக் கணக்குப் போட முடியாது.

இது நமக்கு எதுக்கு?

நேரடியாகவே சம்பந்தம் உண்டு. ஏரித் தண்ணீரைக் குடிநீராக்கும்போது கிருமி சாக குளோரின் சேர்க்கிறார்கள். தண்ணீரில் கரைந்த கரிமப் பொருள் அதிகமாக இருந்தால், குளோரின் அதோடும் வினைபுரிந்து ட்ரைஹாலோமீத்தேன் என்ற வகைச் சேர்மங்களை உண்டாக்கும். குளோரோஃபார்ம் அதில் ஒன்று. இதை 1974இல் நெதர்லாந்தின் ராட்டர்டாம் குடிநீர் நிலையத்தில் பணியாற்றிய யோஹான்னஸ் ரூக் வெளிக்கொண்டுவந்தார். இன்று இந்தியக் குடிநீர்த் தரநிலை உள்பட பல நாட்டுத் தரநிலைகளில் இவற்றுக்கு வரம்பு இருக்கிறது. குளோரினே வேண்டாம் என்று அர்த்தமில்லை. காலராவும் டைஃபாய்டும் அதைவிடப் பெரிய ஆபத்து. குளோரின் சேர்ப்பதற்கு முன்பே கரைந்த கார்பனைக் குறைக்க வேண்டும் என்பதுதான் பாடம்.

இன்னொரு பக்கம், வட ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியிலும் கடந்த சில பத்தாண்டுகளில் பல ஏரிகள் முன்பைவிடப் பழுப்பாகி வருகின்றன. ஒரு காரணம் நல்ல செய்திதான். ஆலைப் புகையைக் கட்டுப்படுத்தியதால் அமில மழை குறைந்தது, மண் தன் கரிமச் சாற்றை முன்புபோல் இறுகப் பிடித்து வைக்காமல் விடுகிறது. மழையும் வெப்பமும் மாறுவதும் சேர்ந்துகொள்கிறது. பழுப்புத் தண்ணீரில் வெளிச்சம் ஆழமாக இறங்காது, அடிப்பகுதியில் பாசி வளராது, குடிநீர் நிலையங்களுக்கு வேலை கூடும்.

இதையெல்லாம் இன்று அளக்கும் விஞ்ஞானிகள் ஜூடே மாதிரி நூற்றுக்கணக்கான ஏரிகளில் தண்ணீர் எடுக்கிறார்கள். அளந்ததை லிண்ட்மன் மாதிரி வரவு, செலவு, அம்புக்குறி என்று கோர்க்கிறார்கள். 1942இல் எதிரெதிரே நின்ற இரண்டு பேரில் ஒருவர் ஜெயித்து ஒருவர் தோற்றார் என்று சொல்ல முடியாது. ஒருவரிடம் எண்கள் இருந்தன, படம் இல்லை. இன்னொருவரிடம் படம் இருந்தது, எண்கள் போதவில்லை. நேரமும் போதவில்லை.

சீடர் பாக் ஏரி இன்றும் இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள நிலம் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் சூழலியல் ஆய்வுக் காப்பகமாக இருக்கிறது, இன்றும் மாணவர்கள் அங்கே வேலை செய்கிறார்கள். ஏரி இன்னும் கொஞ்சம் தூர்ந்திருக்கும். ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் இலை விழுகிறது, ஊறுகிறது, கரைகிறது, பாக்டீரியா தின்கிறது.

அடுத்த முறை உங்கள் வீட்டுப் பிள்ளை 10% விதி படிக்கும்போது, அந்தப் பிரமிடுக்குக் கீழே பென்சிலால் கொஞ்சம் சேற்றையும் வரைந்து காட்டுங்கள். எல்லாப் படியிலிருந்தும் அதற்கு ஓர் அம்பு, அதிலிருந்து மேலே இன்னோர் அம்பு. லிண்ட்மன் வரைந்தது அதைத்தான்.